‘விதி’ என்று கடந்துபோன மரணங்களும் விசாரிக்கப்பட்ட ஒரு மரணமும்: நாஸ்கார் சாரதிகளின் பாதுகாப்பு மாறிய கதை

2001 பெப்ரவரி 18ஆம் திகதி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ‘டேடோனா 500’ கார்ப் பந்தயம் நடந்தது. அன்று இரண்டு விபத்துகள் இடம்பெற்றன. முதலாவது 173ஆவது சுற்றில். டொனி ஸ்டுவர்ட் என்ற சாரதியின் கார் காற்றில் எழுந்து, பல தடவை உருண்டு, உருக்குலைந்து நின்றது. பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். ஆனால் ஸ்டுவர்ட்டுக்குப் பாரதூரமான காயம் எதுவும் ஏற்படவில்லை.

இரண்டாவது விபத்து கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் நடந்தது. டேல் ஏர்ன்ஹார்ட் ஓட்டிவந்த 3ஆம் இலக்கக் கறுப்புக் கார் இன்னொரு காருடன் உரசித் திசை மாறியது. மேல்நோக்கி ஏறிக் கொங்கிரீற் சுவரில் மோதியது. பிறகு சரிவில் இறங்கிப் புற்தரையில் நின்றது. கார் உருளவும் இல்லை, தீப்பற்றவும் இல்லை. தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கு அது வழமையான ஒரு மோதலாகவே தெரிந்தது. ஆனால் ஏழு தடவை சம்பியன் பட்டம் வென்ற அந்த 49 வயதுச் சாரதி உயிருடன் திரும்பவில்லை.

பயங்கரமாகத் தெரிந்த விபத்தில் ஒருவர் தப்பினார், சாதாரணமாகத் தெரிந்த விபத்தில் ஒருவர் இறந்தார். அது ஏன் என்ற கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கிய பிறகுதான் அந்த விளையாட்டு உண்மையில் மாறியது. ஏர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு, நாஸ்கார் அமைப்பின் மூன்று தேசிய மட்டத் தொடர்களிலும் பந்தய விபத்தில் எந்தச் சாரதியும் இறக்கவில்லை. மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு காரை ஒட்டி மற்றக் கார் ஓடும் விளையாட்டில் இது சிறிய விடயம் அல்ல. இந்த நிலையை எப்படி அடைந்தார்கள், அதற்கு முன் எத்தனை பேர் எப்படி இறந்தார்கள், இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரை தொகுத்துச் சொல்கிறது.

ஸ்டொக் கார் என்றால் என்ன?

‘ஸ்டொக் கார்’ என்பது கடையில் வாங்கக்கூடிய, மாற்றம் செய்யப்படாத கார் என்ற பொருளில் வந்த பெயர். ஃபோர்மியூலா வண் கார்கள் போலச் சக்கரங்கள் வெளியே தெரியும் தனி வடிவம் இவற்றுக்கு இல்லை. வெளித்தோற்றத்தில் வீதியில் ஓடும் கார் போலவே இருக்கும். 1948இல் பில் ஃபிரான்ஸ் என்பவரின் முயற்சியில் நாஸ்கார் அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு வட கரோலைனாவின் ஷார்லட் நகரில் நடந்த முதல் பந்தயத்தில், சாதாரணக் குடும்பக் கார்களே ஓடின.

காலப்போக்கில் பெயர் மட்டும் மிஞ்சியது. இன்றைய நாஸ்கார் கார், உருக்குக் குழாய்களால் செய்யப்பட்ட கூண்டு ஒன்றின் மேல் கார் வடிவ உறை போர்த்தப்பட்ட பந்தய இயந்திரம். ஓடுபாதைகளில் பெரும்பாலானவை முட்டை வடிவானவை. டேடோனாவின் ஒரு சுற்று நான்கு கிலோமீற்றர். அதன் வளைவுகள் 31 பாகை சாய்ந்தவை. அலபாமா மாநிலத்தின் டல்லடேகாவில் அது 33 பாகை. அந்தச் சாய்வுதான் வேகத்தைக் குறைக்காமல் திரும்ப உதவுகிறது. அந்த வளைவுகளின் வெளி விளிம்பில் நிற்பது கொங்கிரீற் சுவர்.

ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் ஒரு பெயர்

ஆரம்ப காலத்தில் பாதுகாப்பு என்பது சாரதியின் சொந்தப் பொறுப்பாகவே இருந்தது. ஒருவர் இறந்த பிறகோ மயிரிழையில் தப்பிய பிறகோதான் ஒவ்வொரு விதியும் வந்தது.

1964ஆம் ஆண்டு மிக மோசமானது. ஜனவரியில், முந்தைய இரண்டு ஆண்டுகளின் சம்பியனான ஜோ வெதர்லி கலிபோர்னியாவின் ரிவர்சைட் ஓடுபாதையில் சுவரில் மோதினார். தோள்பட்டி அணிந்திருக்கவில்லை. தலை ஜன்னலுக்கு வெளியே போய்ச் சுவரில் அடிபட்டு இறந்தார். மே மாதம் ஷார்லட்டில், அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற சாரதிகளில் ஒருவரான ஃபயர்போல் ரொபேர்ட்ஸின் கார் கவிழ்ந்து பெற்றோல் தாங்கி தீப்பற்றியது. சக சாரதி நெட் ஜரட் தன் காரிலிருந்து இறங்கி ஓடிப்போய் அவரை வெளியே இழுக்க உதவினார். கடுமையான எரிகாயங்களுடன் வாரக்கணக்கில் போராடிய ரொபேர்ட்ஸ் ஜூலை 2ஆம் திகதி இறந்தார். செப்டெம்பரில், ரயர் பரிசோதனையில் ஈடுபட்டிருந்த ஜிம்மி பார்டுவும் ஷார்லட்டிலேயே உயிரிழந்தார்.

இந்த மரணங்களுக்குப் பிறகு, 1960களின் நடுப்பகுதியில் பெற்றோல் தாங்கிகள் மாறின. வெறும் தகரத் தாங்கிக்குப் பதிலாக, உள்ளே இறப்பர்ப் பையும் நுரைப் பஞ்சும் கொண்ட தாங்கி வந்தது. தாங்கி நசுங்கினாலும் எரிபொருள் சீறி வெளியேறாது. ஒரு ரயருக்குள் இன்னொரு ரயர் வைக்கும் முறையும் அக்காலத்தில்தான் வந்தது. வெளி ரயர் வெடித்தாலும் உள் ரயர் காரைத் தாங்கும். சாதாரணத் துணி உடைகளின் இடத்தைத் தீ எளிதில் பற்றாத இழையால் நெய்த உடைகள் படிப்படியாகப் பிடித்தன.

1970இல் டார்லிங்டன் ஓடுபாதையில் ரிச்சர்ட் பெற்றியின் கார் உருண்டபோது அவரது கையும் தலையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கின. அவர் தப்பினார். அதன் பிறகே சாரதியின் பக்க ஜன்னலில் வலை கட்டுவது கட்டாயமானது. இன்றும் ஒவ்வொரு நாஸ்கார் காரிலும் அந்த வலை இருக்கிறது. விபத்துக்குப் பின் சாரதி அதை அவிழ்த்து விட்டால், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அர்த்தம்.

1987இல் டல்லடேகாவில் பொபி அலிசனின் கார் பின்பக்கமாகத் திரும்பி, காற்றில் எழுந்து, பார்வையாளர்களைப் பிரிக்கும் கம்பி வேலியைக் கிழித்தது. வேலி முழுதாக விட்டிருந்தால் கார் கூட்டத்துக்குள் போயிருக்கும். மறு ஆண்டிலிருந்து டேடோனாவிலும் டல்லடேகாவிலும் எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு பொருத்தி வேகத்தைக் குறைத்தார்கள். 1994இல் கூரைத் தகடுகள் வந்தன. கார் பின்பக்கமாகத் திரும்பும்போது அவை தாமாக எழுந்து நின்று, கார் மேலெழும்பாமல் தடுக்கும்.

பேசியவர்களுக்கு என்ன நடந்தது?

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. நாஸ்கார் சாரதிகள் அந்த அமைப்பின் ஊழியர்கள் அல்லர். சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். 1961இல் கேர்ட்டிஸ் டேர்னர், டிம் ஃப்ளொக் ஆகிய சாரதிகள் தொழிற்சங்கம் அமைக்க முயன்றார்கள். பில் ஃபிரான்ஸ் அவர்களுக்கு ஆயுட்காலத் தடை விதித்தார். சில ஆண்டுகள் கழித்தே அந்தத் தடை நீக்கப்பட்டது.

1969இல் டல்லடேகா ஓடுபாதை திறக்கப்பட்டபோது, புதிய வேகத்தை ரயர்கள் தாங்கவில்லை. சில சுற்றுகளிலேயே அவை கிழியத் தொடங்கின. ரிச்சர்ட் பெற்றி தலைமையில் இயங்கிய சாரதிகள் சங்கம் பந்தயத்தைப் பிற்போடும்படி கேட்டது. ஃபிரான்ஸ் மறுத்தார். முன்னணிச் சாரதிகளில் பெரும்பாலானோர் கார்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பந்தயம் வேறு சாரதிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. அந்தச் சங்கம் நீண்ட காலம் நிலைக்கவில்லை. பயந்தவன் ஓட வேண்டாம், ஓடுகிறவன் கேள்வி கேட்க வேண்டாம் என்ற மனநிலை பல ஆண்டுகளுக்கு அப்படியே தொடர்ந்தது.

ஒன்பது மாதங்களில் நான்கு மரணங்கள்

2000 மே 12ஆம் திகதி, நியூ ஹம்ப்ஷயர் ஓடுபாதையில் பயிற்சியின்போது அடம் பெற்றி சுவரில் மோதி இறந்தார். வயது 19. ரிச்சர்ட் பெற்றியின் பேரன். எட்டு வாரங்கள் கழித்து, ஜூலை 7ஆம் திகதி, அதே ஓடுபாதையின் அதே வளைவில் 30 வயதான கெனி இர்வின் இறந்தார். எஞ்சினின் வேக வாயில் சிக்கித் திறந்தபடியே நின்றிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. எஞ்சினை உடனே நிறுத்தும் பொத்தான் ஒன்றை ஸ்ரியரிங்கில் பொருத்த வேண்டும் என்று நாஸ்கார் உத்தரவிட்டது. ஒக்டோபரில் டெக்சாஸில் நடந்த ட்ரக் பந்தயத்தில் காயமடைந்த டொனி ரோப்பர் மறுநாள் உயிரிழந்தார்.

மூவரும் தலை அல்லது கழுத்துப் பகுதிக் காயங்களால் இறந்தவர்கள். ஆனால் அந்த மூன்று மரணங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, பொதுவான காரணம் என்ன என்று பகிரங்கமாக ஆராயும் நிலை உருவாகவில்லை. பந்தயத்தில் இதெல்லாம் நடக்கும், அவனுக்கு விதி அப்படி என்ற பேச்சே நிலவியது. நான்காவதாக இறந்தவர் அந்த விளையாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் என்பதால்தான் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. வேதனையான உண்மை என்றாலும், அது உண்மை.

பழி முதலில், காரணம் பிறகு

ஏர்ன்ஹார்ட் இறந்தவுடன் பலரும் தேடியது காரணத்தை அல்ல, பழி சுமத்த ஓர் ஆளை. கடைசி வளைவில் அவரது காருடன் உரசிய ஸ்டேர்லிங் மார்லினுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மார்லின் மீது குற்றமில்லை என்று ஏர்ன்ஹார்ட்டின் மகனே பகிரங்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சில நாட்களில், காரின் ஆசனப்பட்டி அறுந்திருந்ததாக நாஸ்கார் அறிவித்தது. மிரட்டல்கள் பட்டியைத் தயாரித்த பில் சிம்ப்சனின் பக்கம் திரும்பின. பட்டி சரியானதே, பொருத்திய விதமே பிழை என்று அவரது தரப்பு வாதிட்டது. அதே ஆண்டு ஜூலையில், தான் நிறுவிய நிறுவனத்தை விட்டே சிம்ப்சன் விலகினார்.

இதற்கிடையில் இன்னொரு போராட்டம் நடந்தது. புளோரிடா சட்டப்படி பிரேதப் பரிசோதனைப் புகைப்படங்கள் அப்போது பொது ஆவணங்கள். அவற்றைப் பிரசுரிக்கும் நோக்கம் இல்லை, மருத்துவ நிபுணர் ஒருவரைக் கொண்டு ஆராயவே கேட்கிறோம் என்று ‘ஓர்லாண்டோ சென்ரினல்’ பத்திரிகை கோரியது. அந்தப் படங்கள் வெளியே போகக் கூடாது என்று ஏர்ன்ஹார்ட்டின் மனைவி நீதிமன்றத்தை நாடினார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இறந்தவரின் உடலின் கண்ணியத்தைக் காப்பது குடும்பத்தின் உரிமை. அவர் எப்படி இறந்தார் என்பதை அறிவது, நாளை அதே ஆசனத்தில் அமரப் போகிறவர்களின் தேவை.

இறுதியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. சுயாதீன நிபுணர் ஒருவர் மட்டும் படங்களைப் பார்த்து அறிக்கை தருவார், அதன் பின் அவை முத்திரையிடப்படும். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரி மயர்ஸ் என்ற நிபுணர் ஏப்ரல் மாதம் தன் முடிவைச் சொன்னார். மோதலின்போது தலை கட்டுப்பாடின்றி முன்னோக்கி வீசப்பட்டதே மரணத்துக்குக் காரணம், பட்டி அறுந்திருக்காவிட்டாலும் முடிவு மாறியிருக்க வாய்ப்பில்லை என்பதே அதன் சாரம். பிரேதப் பரிசோதனைப் படங்களைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கும் சட்டமும் அதே காலத்தில் நிறைவேறியது.

நாஸ்கார் தன் சார்பில் நிபுணர்களை அமர்த்தி நடத்திய விசாரணையின் அறிக்கை 2001 ஓகஸ்ட் 21ஆம் திகதி வெளியானது. சுவரில் மோதிய கோணம், அதற்குச் சற்று முன் கென் ஷ்ரேடரின் கார் பக்கவாட்டில் இடித்ததால் ஏர்ன்ஹார்ட்டின் உடல் நிலை மாறியிருந்தமை, பட்டி பிரிந்தமை எனப் பல காரணிகள் ஒரே கணத்தில் சேர்ந்ததாக அது கூறியது. பட்டி விடயத்தில் இரு அறிக்கைகளும் ஒத்துப் போகவில்லை. ஆனால் ஒரு சாரதியின் மரணம் முதற்தடவையாக இவ்வளவு விரிவாகப் பொதுவெளியில் ஆராயப்பட்டது.

உடல் நின்றது, தலை நிற்கவில்லை

என்ன நடந்தது என்பதை எளிமையாகப் பார்ப்போம். கார் சுமார் 250 கிலோமீற்றர் வேகத்தில் சுவரை அடைந்தது. சாய்வாக மோதியதால் அது முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் அதன் வேகத்தில் மணிக்கு 70 கிலோமீற்றர் அளவு மாற்றம் ஏற்பட்டது. பட்டிகள் உடலைப் பிடித்து நிறுத்தின. தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. தலைக்கவசத்துடன் சேர்த்து ஆறு கிலோ அளவான அந்தப் பாரம் பழைய வேகத்திலேயே முன்னே போகப் பார்த்தது. கழுத்து அதை இழுத்துப் பிடித்தபோது, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது.

ஸ்டுவர்ட் தப்பியதற்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. கார் உருளும்போது அதன் வேகம் பல விநாடிகளில், பல சிறு மோதல்களாகப் பிரிந்து கரைகிறது. ஏர்ன்ஹார்ட்டின் காரில் பெரும் மாற்றம் ஒரே கணத்தில் நடந்தது. ஆளைக் கொல்வது வேகம் அல்ல, திடீர் நிறுத்தம்.

இதற்கான தீர்வு ஏற்கெனவே இருந்தது என்பதுதான் துயரம். 1981இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பந்தயச் சாரதி இதே மாதிரியான காயத்தால் இறந்தபோது, அவரை அறிந்த ஜிம் டவுனிங் என்ற சாரதி தன் மைத்துனரிடம் இதற்கு வழி கேட்டார். அந்த மைத்துனர் ரொபர்ட் ஹபர்ட், மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் உயிரியக்கவியல் பேராசிரியர். அவர் உருவாக்கியதே ‘ஹான்ஸ்’ எனப்படும் தலை, கழுத்துத் தாங்கி. இது தோள்களின் மேல் அமரும் உறுதியான ஒரு வளையம். தோள்பட்டிகள் அதை அழுத்திப் பிடிக்கும். அதிலிருந்து இரண்டு வார்கள் தலைக்கவசத்துடன் இணைக்கப்படும். மோதலில் உடல் நிற்கும்போது தலையும் அதனுடன் சேர்ந்து நிற்கும்.

1980களின் நடுப்பகுதியிலேயே டவுனிங் அதை அணிந்து ஓடினார். ஆனால் 1990கள் முழுவதும் வாங்கியவர்கள் மிகச் சிலர். அசௌகரியம், பக்கவாட்டில் பார்க்க முடியாது, தீப்பிடித்தால் வேகமாக இறங்க முடியாது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஏர்ன்ஹார்ட்டும் அதை விரும்பாதவர்களில் ஒருவர். அவர் முகம் மூடாத பழைய வகைத் தலைக்கவசத்தையே கடைசி வரை அணிந்தார். அன்று டேடோனாவில் ஓடிய 43 பேரில் ஒரு சிலரிடமே தலைத் தாங்கி இருந்தது.

ஓகஸ்ட் அறிக்கை வெளியான போதும் நாஸ்கார் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஊக்குவிக்கிறோம், முடிவு சாரதியுடையது என்றது. ஒக்டோபர் 4ஆம் திகதி, ஷார்லட்டில் நடந்த ‘ஆர்க்கா’ என்ற வேறொரு தொடரின் பந்தயத்தில் 25 வயதான பிளேய்ஸ் அலெக்ஸாண்டர் இறந்தார். அவரும் தலைத் தாங்கி அணிந்திருக்கவில்லை. அதன் பிறகு, ஒக்டோபர் 17ஆம் திகதி நாஸ்கார் அதைத் தன் தேசியத் தொடர்களில் கட்டாயமாக்கியது. ஃபோர்மியூலா வண் 2003இல் அதே வழியில் வந்தது. தெரிந்த தீர்வு கட்டாய விதியாக மாறுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எடுத்தன.

சுவரையும் மாற்றலாம்

சாரதி என்ன அணிய வேண்டும் என்பது பாதிக் கேள்விதான். அவர் மோதும் சுவர் ஏன் அவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பது மறுபாதி. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நெடுஞ்சாலைத் தடுப்புகளை ஆராய்ந்துவந்த டீன் சிக்கிங்கின் குழு, இண்டியானாபொலிஸ் ஓடுபாதை நிர்வாகத்தின் ஆதரவுடன் 1998 முதல் இதில் ஈடுபட்டது. பின்னர் நாஸ்காரும் இணைந்தது. ஏர்ன்ஹார்ட் விபத்தை ஆராய்ந்த நிபுணர்களில் சிக்கிங்கும் ஒருவர்.

அவர்கள் உருவாக்கிய ‘சேஃபர்’ தடுப்பு எளிமையானது. கொங்கிரீற் சுவருக்கு முன்னால், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய சதுர உருக்குக் குழாய்கள். குழாய்களுக்கும் சுவருக்கும் இடையில் ரெஜிபோம் வகையைச் சேர்ந்த நுரைக் கட்டிகள். கார் மோதும்போது குழாய்கள் சற்று உள்ளே அமுங்கும், நுரை நசுங்கும். நிறுத்தத்துக்கான நேரம் சில மில்லிசெக்கன்கள் நீளும். அந்தச் சில மில்லிசெக்கன்களே உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரம். 2002 மே மாதம் இண்டியானாபொலிஸில் முதலில் அமைக்கப்பட்ட இது, அடுத்த சில ஆண்டுகளில் நாஸ்காரின் முக்கிய முட்டை வடிவ ஓடுபாதைகளின் வெளிச் சுவர்களுக்குப் பரவியது.

ஆனால் எல்லாச் சுவர்களுக்கும் அல்ல. உட்பக்கச் சுவர்களில் கார்கள் அதிகம் மோதுவதில்லை என்ற கணக்கில் பல இடங்கள் விடப்பட்டன. 2013இல் கலிபோர்னியாவில் அப்படியான சுவரில் மோதி டெனி ஹம்லினின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. 2015 பெப்ரவரியில் டேடோனாவிலேயே, தடுப்பு இல்லாத உட்சுவரில் மோதி கைல் புஷ்ஷின் வலது காலும் இடது பாதமும் முறிந்தன. அன்று மாலையே ஓடுபாதையின் தலைவர் ஊடகங்கள் முன் வந்து, எங்கள் பொறுப்பில் தவறிவிட்டோம், அங்கே தடுப்பு இருந்திருக்க வேண்டும் என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். 1964இலோ 2000இலோ கேட்க முடியாத பேச்சு அது. பதினொரு பந்தயங்களைத் தவறவிட்ட கைல் புஷ் அதே ஆண்டு சம்பியன் பட்டத்தையும் வென்றார்.

பதிவாகும் ஒவ்வொரு மோதலும்

2002 முதல் ஒவ்வொரு காரிலும் மோதலைப் பதிவு செய்யும் கறுப்புப் பெட்டி கட்டாயமானது. 2003இல் வட கரோலைனாவின் கொன்கோர்ட் நகரில் நாஸ்கார் தன் ஆய்வு மையத்தைத் திறந்தது. விபத்துக்குள்ளான கார்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டு ஆராயப்படுகின்றன. 2007இல் அறிமுகமான புதிய காரில் சாரதியின் ஆசனம் கதவிலிருந்து தள்ளி, காரின் நடுப்பக்கமாக நகர்த்தப்பட்டது. தலையையும் விலாவையும் தோளையும் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் ஆசனங்கள் வழக்கத்துக்கு வந்தன. 2008 ஏப்ரலில் டெக்சாஸில் மைக்கல் மக்டவலின் கார் சுவரில் பலமாக மோதி எட்டுத் தடவை உருண்டது. அவர் இறங்கி நடந்து போனார்.

இந்த முறை எவ்வளவு வேலை செய்கிறது என்பதை 2020 டேடோனா 500 காட்டியது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த ரையன் நியூமனின் கார் சுவரில் மோதித் தலைகீழானது. அந்த நிலையில் பின்னால் வந்த கார் சாரதியின் பக்கத்தில் நேரடியாக இடித்தது. 2001ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் மோசமான செய்திக்குத் தயாரானார்கள். இரண்டு நாட்கள் கழித்து நியூமன் தன் இரு பெண் பிள்ளைகளின் கைகளைப் பிடித்தபடி வைத்தியசாலையிலிருந்து நடந்து வெளியேறினார். அவர் பிழைத்ததோடு விடயம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. காரை ஆராய்ந்து, கூண்டில் மேலதிகக் குழாய்கள் சேர்க்க உத்தரவிட்டார்கள். உயிர் தப்பிய விபத்தையும் விசாரிப்பதுதான் புதிய பழக்கம்.

வெளியே தெரியாத காயம்

எலும்பு முறிவு படத்தில் தெரியும். மூளை அதிர்ச்சி அப்படியல்ல. வெளிக்காயம் இல்லை, இரத்தம் இல்லை. தலைவலி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமை, தடுமாற்றம், மறதி, காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை என்று அது நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். பார்ப்பவர்களுக்கு ஆள் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ‘ஒன்றும் இல்லை’ என்று பாதிக்கப்பட்டவரே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவார். முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

ஏர்ன்ஹார்ட்டின் மகன் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியரே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்களில் முக்கியமானவர். 2012இல் மூளை அதிர்ச்சியால் இரண்டு பந்தயங்களைத் தவறவிட்டார். 2016இல் ஆண்டின் பிற்பாதி முழுவதும் ஓட முடியவில்லை. அறிகுறிகளை நீண்ட காலம் மறைத்ததையும் அதன் பயத்தையும் பின்னர் எழுதினார். 2017 முடிவில் முழுநேரப் பந்தயத்திலிருந்து விலகினார். 2014 முதல், பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு சாரதியின் நினைவாற்றலையும் எதிர்வினை வேகத்தையும் அளந்து பதிவு செய்வது கட்டாயமானது. விபத்துக்குப் பின் அந்த அளவுடன் ஒப்பிடலாம். ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்ற வார்த்தை மட்டும் இனிப் போதாது.

2022இல் அறிமுகமான புதிய காரில் எதிர்பாராத சிக்கல் வந்தது. அதன் பின்பகுதி மிக உறுதியாக இருந்தது. கார் நசுங்கவில்லை, ஆகவே அடியின் வேகம் சாரதிக்குப் போனது. சாதாரணமாகத் தெரிந்த பின்பக்க மோதல்களில் சாரதிகள் தலை கலங்கினார்கள். 2004ஆம் ஆண்டின் சம்பியனான கேர்ட் புஷ் ஜூலையில் பொக்கோனோவில் நடந்த தகுதிச் சுற்றில் மோதினார். அதன் பின் அவர் முழுநேரப் பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. செப்டெம்பரில் அலெக்ஸ் போமன் மோதி ஐந்து பந்தயங்களைத் தவறவிட்டார்.

இம்முறை சாரதிகள் பேசாமல் இருக்கவில்லை. காரின் குறைகளைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். அவர்களுக்கென அந்த ஆண்டு உருவான ஆலோசனை சபை நிர்வாகத்துடன் நேரடியாகப் பேசியது. 2023 பருவத்துக்கு முன் காரின் பின்பகுதி அமைப்பு மாற்றப்பட்டது. 1961இல் சங்கம் என்று சொன்னவர்களுக்கு ஆயுட்காலத் தடை, 2022இல் ஒரே ஆண்டுக்குள் திருத்தம். இடையில் அறுபது ஆண்டுகளும் பல மரணங்களும்.

இன்னும் மிச்சம் இருப்பவை

உச்ச மட்டத்தில் கிடைத்த பாதுகாப்பு எல்லா மட்டத்திலும் இல்லை. 2009இல் மெக்சிகோவில் நடந்த நாஸ்கார் தொடரில் கார்லோஸ் பார்டோ என்ற சாரதி உயிரிழந்தார். அமெரிக்காவின் சிறு நகரங்களில் வார இறுதிகளில் இயங்கும் உள்ளூர் ஓடுபாதைகள் பலவற்றில் இன்னும் வெறும் கொங்கிரீற் சுவர்தான். ‘சேஃபர்’ தடுப்பின் செலவு அவற்றுக்கு எட்டாதது. தொலைக்காட்சி கமராக்கள் இல்லாத அந்த இடங்களில் ஒருவர் இறந்தால், ஏர்ன்ஹார்ட்டுக்கு நடந்தது போன்ற விசாரணை நடப்பதில்லை.

அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வெதர்லிக்கும், ரொபேர்ட்ஸுக்கும், 19 வயது அடம் பெற்றிக்கும் நடந்தவற்றின் காரணங்கள் கண்டுபிடிக்க முடியாத மர்மங்கள் அல்ல. தலைத் தாங்கி 1980களிலேயே இருந்தது. நுரையும் உருக்குக் குழாயும் அரிய பொருட்கள் அல்ல. இல்லாமல் இருந்தது, ஒரு மரணத்தை விதி என்றோ இறந்தவரின் பிழை என்றோ எழுதி மூடாமல், ஏன் என்று கேட்டு, பதிலைப் பகிரங்கமாக வைத்து, அதை விதிமுறையாக்கும் மனம் மட்டுமே. அது வந்த பிறகு அந்தத் தொடர்களில் சாரதிகள் வீடு திரும்புகிறார்கள். அது இன்னும் எட்டாத ஓடுபாதைகளில், அடுத்த பெயர் எழுதப்படும் வரை காத்திருக்கிறார்கள்.